டேட் மாடர்னுக்கு மேற்கு வாசல் வழியாகச் செல்லுங்கள்

மகளைப் பார்க்க லண்டன் செல்லும் ஒரு தம்பதி, கைவசம் உள்ள ஒரு பிற்பகலை டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் செலவிடுவது தகுமா என்று கேட்டிருக்கிறார்கள். நவீன ஓவியம் தங்களுக்குப் பழக்கமில்லை என்றும், ஒரு பழைய மின் நிலையத்துக்குள் கலைக்கூடம் அமைத்திருப்பதில் அப்படியென்ன விசேஷம் என்று விளங்கவில்லை என்றும், எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

தாராளமாகச் செல்லுங்கள். நவீன கலையில் பழக்கம் இல்லாதவர்களுக்கு லண்டனில் இதைவிட இணக்கமான இடம் இல்லை என்பது என் கருத்து. உள்ளே தொங்கும் ஓவியங்களைக் காட்டிலும், அந்தக் கட்டடமும் அதன் நடுவே காலியாக விடப்பட்டிருக்கும் பிரம்மாண்டமான வெற்றுவெளியும்தான் அதற்குக் காரணம். அந்த வெளி எப்படி உண்டாயிற்று, அதற்குள் அழைக்கப்பட்ட கலைஞர்கள் அதை என்ன செய்தார்கள் என்று ஓரளவு தெரிந்துகொண்டு போனால், மாடி அறைகளில் இருப்பவற்றைப் பார்ப்பதும் எளிதாகிவிடும். ஆகவே கட்டடத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள பேங்க்சைடு, நீண்ட காலமாகக் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்திருந்த பகுதி. அங்கே 1891 முதலே நிலக்கரியில் இயங்கும் ஒரு மின் நிலையம் இருந்தது. போர் முடிந்த பின் வந்த 1947 குளிர்காலத்தில் பிரிட்டன் கடுமையான எரிபொருள் தட்டுப்பாட்டில் தவித்தபோது, அதே இடத்தில் பெரிய மின் நிலையம் ஒன்றைக் கட்ட அரசு அனுமதி அளித்தது. எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. ஆற்றின் மறுகரையில், நேர் எதிரே, செயிண்ட் பால் பேராலயம் நிற்கிறது. பேராலயத்தின் முகத்துக்கு எதிரே புகை கக்கும் ஆலையா என்று கேட்டவர்களைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு, லண்டன் தெருக்களின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டையும் லிவர்பூலின் ஆங்கிலிக்கன் பேராலயத்தையும் வடிவமைத்த சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டிடம் வந்து சேர்ந்தது. நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிப்பது என்று முடிவாயிற்று. பல புகைபோக்கிகளை நிறுத்தாமல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, முகப்பின் நடுவில் ஒரே கோபுரமாக எழுப்பி, அதன் உயரத்தை 99 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார் ஸ்காட். எதிரே உள்ள பேராலயத்தின் உயரம் 111 மீட்டர். அந்த 12 மீட்டர் வித்தியாசம் தற்செயலானதன்று.

கட்டடத்தில் 42 லட்சம் செங்கற்கள் இருக்கின்றன. ஆனால் பாரத்தைத் தாங்குவது அவை அல்ல. உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம்தான் தாங்குகிறது, செங்கல் அதன்மேல் போர்த்திய தோல். மேற்குப் பாதி 1952-இலும், கிழக்குப் பாதி 1963-இலும் இயங்கத் தொடங்கின. 1970-களில் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியதும் இந்த நிலையத்தை ஓட்டுவது கட்டுப்படியாகாமல் போய், 1981-இல் மூடிவிட்டார்கள். முழு உருவம் பெற்றபின் அது வேலை செய்தது 18 ஆண்டுகளே. பேராலயத்துக்கு இணையான கண்ணியத்தோடு கட்டப்பட்ட ஓர் ஆலை, ஒரு பணியாளரின் பணிக்காலத்தில் பாதி கூட உழைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு அதன் முகப்பைப் பார்த்தால், அந்தச் செங்கல் சுவர்களின் இறுக்கம் வேறு மாதிரி தெரியும். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அது பூட்டியே கிடந்தது. இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டலாம் என்ற பேச்சும் பலமாக இருந்தது.

டேட் என்ற பெயர், சர்க்கரை ஆலை அதிபரான ஹென்றி டேட்டிடமிருந்து வந்தது. அவர் அளித்த ஓவியங்களையும் பணத்தையும் கொண்டு, பழைய சிறைச்சாலை ஒன்று இருந்த மில்பேங்க் பகுதியில் 1897-இல் திறக்கப்பட்டதே முதல் டேட் கலைக்கூடம். நூறு ஆண்டுகளில் சேர்ந்துபோன நவீன கலைத் தொகுப்புக்கு அங்கே இடம் போதவில்லை. 1994-இல் பேங்க்சைடு மின் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டடக் கலைஞர்களிடையே சர்வதேசப் போட்டி ஒன்றை நடத்தினார்கள். தடாவோ ஆண்டோ, ரெம் கூல்ஹாஸ், ரென்சோ பியானோ போன்ற பெரும் பெயர்கள் இறுதிச் சுற்றில் இருந்தும், அன்று அவர்கள் அளவுக்கு அறியப்படாத ஸ்விட்சர்லாந்தின் ஹெர்சாக் - டி மெய்ரோன் இணைக்கே வெற்றி கிடைத்தது. இருக்கிற கட்டடத்தோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கிலேயே போவது என்பதுதான் அவர்களுடைய திட்டத்தின் அடிப்படை. 2000 மே 11 அன்று ராணி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார்; மறுநாள் பொதுமக்கள் நுழைந்தார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வரக்கூடும் என்று போட்டிருந்த கணக்கைப் பொய்யாக்கி, முதல் ஆண்டிலேயே 50 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள்.

இனி வாசல் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலான பயணிகள் செயிண்ட் பால் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, மில்லினியம் நடைபாலம் வழியாக ஆற்றைக் கடந்து நேராகக் கலைக்கூடத்துக்குள் நுழைவார்கள். (2000 ஜூன் மாதம் திறந்த அந்தப் பாலம், நடப்பவர்களின் காலடிக்கு ஏற்பப் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியதால் இரண்டே நாளில் மூடப்பட்டு, 2002-இல்தான் மறுபடி திறந்தது. இப்போது ஆடுவதில்லை, அச்சமின்றி நடக்கலாம்.) பாலத்தின் வழியாக வருவது அழகான வருகைதான், ஆனால் அந்த ஆற்றோர வாசல் உங்களை முதல் தளத்தில், மண்டபத்துக்குக் குறுக்கே போடப்பட்ட ஒரு மேடையில் கொண்டு சேர்த்துவிடும். கதையின் நடுப்பக்கத்தைத் திறந்தது போல ஆகிவிடும். பாலத்தைக் கடந்ததும் உள்ளே போகாமல் வலப்புறம் திரும்பி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மேற்கு முனைக்குப் போங்கள். அங்கே தரையோடு தரையாக, அகலமான ஒரு சரிவுப் பாதை கட்டடத்துக்குள் இறங்கிச் செல்லும்.

படி கிடையாது, வாயில் என்று சொல்லும்படியான அலங்காரமும் கிடையாது. சாலையிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறீர்கள். கால் கீழே இறங்க இறங்க, தலைக்கு மேல் கூரை உயர்ந்துகொண்டே போகிறது. பத்து இருபது அடி வைத்ததும் தெருவின் சத்தம் அடங்கி, பெரிய இடங்களுக்கே உரிய ஒரு முழக்கம் காதில் விழத் தொடங்கும். அதுதான் டர்பைன் மண்டபம்: 155 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம், 35 மீட்டர் உயரம். மின்னாக்கும் சுழலிகள் நின்ற கூடம் இது. அதன் வடக்கே கொதிகலன்கள் இருந்த பகுதி. தெற்கே மின்விசைகளும் மின்மாற்றிகளும் இருந்த பகுதி. மூன்று நீண்ட பட்டைகளாகத்தான் ஸ்காட் இதைக் கட்டினார். இயந்திரங்களை அகற்றிய பின், கட்டடக் கலைஞர்கள் செய்த மிகத் துணிச்சலான காரியம், சுழலிகள் நின்ற தளத்தையும் பெயர்த்துவிட்டு, அடித்தளத்தையும் மண்டபத்தையும் ஒரே வெளியாக்கியதே. சாதாரணமாக இப்படி ஒரு கூடம் கிடைத்தால் நான்கு மாடி போட்டு அறைகளாக்கியிருப்பார்கள். அறைகள் முழுவதையும் கொதிகலன் பகுதிக்குள் அடக்கிவிட்டு இதை அப்படியே விட்டுவைத்ததுதான் இந்தக் கலைக்கூடத்தின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

மண்டபத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். இருபுறமும் அடி முதல் முடி வரை கறுப்பு எஃகுத் தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் அடித்திருக்கும் குடையாணிகள் வரை வெறும் கண்ணுக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தால், கூரைக்குக் கீழே மண்டபத்தின் குறுக்கே கிடக்கும் பாரந்தூக்கிகளைக் காணலாம். மின் நிலையக் காலத்துச் சாதனங்களான அவற்றை வைத்துக்கொண்டார்கள். அன்று சுழலியின் பாகங்களைத் தூக்கியவை, பிறகு சிற்பங்களைத் தூக்கின. இடப்புறச் சுவரிலிருந்து நீண்ட கண்ணாடிப் பெட்டிகள் வெளியே துருத்திக்கொண்டு மங்கலான வெண்ணொளியோடு நிற்கும். அவற்றுள் மேல்தளங்களில் இருப்பவர்கள் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேலே போனதும் அதே இடத்தில் நின்று, கீழே நடப்பவர்கள் எவ்வளவு சிறுத்துத் தெரிகிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் தெற்குச் சுவர்ப் பக்கம் காது கொடுத்தால் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கக்கூடும். அது கலைப்படைப்பு இல்லை. கட்டடத்தின் தென்பகுதியில் ஒரு துணைமின் நிலையம் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது. மின்மாற்றிகளின் ஓசை அது. மின் நிலையம் முழுவதுமாகச் சாகவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இப்படி ஒரு வெளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு கலைஞரை அழைத்து இதை நிரப்பித்தாருங்கள் என்று கேட்பது டேட்டின் வழக்கமாயிற்று. 2000 முதல் 2012 வரை யூனிலீவர் நிறுவனமும், 2015 முதல் ஹூண்டாயும் இதற்குப் பொருளுதவி அளித்துவந்திருக்கின்றன. முதலில் வந்தவர் அப்போது 88 வயதான லூயிஸ் பூர்ஷ்வா. பார்வையாளர்கள் ஏறி இறங்கும்படியான மூன்று எஃகுக் கோபுரங்களையும், ஒன்பது மீட்டருக்கு மேல் உயரமான ஒரு பெண் சிலந்தியையும் அவர் நிறுத்தினார். பழைய திரைச்சீலைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தன் தாயின் நினைவாகச் செய்த சிலந்தி அது. மண்டபத்தின் அளவு என்ன கேட்கிறது என்பதை அவர் முதலிலேயே காட்டிவிட்டார். சாதாரணக் காட்சிக்கூடத்துக்குச் செய்த சிற்பத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால், ரயில் நிலையத்தில் யாரோ மறந்து விட்டுப்போன பெட்டி மாதிரி கிடக்கும்.

மும்பையில் பிறந்த அனிஷ் கபூர், இலங்கையில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்டோடு சேர்ந்து, 2002-இல் மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை செந்நிறப் பிளாஸ்டிக் சவ்வு ஒன்றை மூன்று எஃகு வளையங்களுக்கிடையே இழுத்துக் கட்டினார். 'மார்சியாஸ்' என்பது அதன் பெயர். கிரேக்கப் புராணத்தில் உயிரோடு தோல் உரிக்கப்பட்டவனின் பெயர். எங்கே நின்றாலும் அதை முழுமையாகப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம்; பார்வையாளர் நடந்து நடந்து, துண்டு துண்டாகத் தன் மனத்தில்தான் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு ஓலாஃபுர் எலியாசன் செய்ததைத்தான் இன்றும் அதிகமானோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தின் கிழக்குக் கோடியில் மஞ்சள் விளக்குகளால் ஆன ஓர் அரைவட்டத்தைப் பொருத்தி, கூரை முழுவதையும் கண்ணாடியாக்கிவிட்டார். அரைவட்டமும் அதன் பிம்பமும் சேர்ந்து முழுச் சூரியனாயின. ஒரே அலைவரிசை ஒளியை மட்டும் உமிழும் விளக்குகள் ஆதலால், மஞ்சளையும் கறுப்பையும் தவிர மற்ற நிறங்கள் எல்லாம் மறைந்துபோயின. மெல்லிய பனிமூட்டம் ஒன்றும் அவ்வப்போது மண்டபத்தில் பரவவிடப்பட்டது. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை, அதாவது லண்டன்வாசிகள் வெயிலுக்கு ஏங்கும் மாதங்களில், 20 லட்சம் பேர் அந்தப் பொய்ச் சூரியனுக்குக் கீழே வந்தார்கள். வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகவில்லை. சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கூரைக் கண்ணாடியில் எறும்பளவு தெரியும் தங்களைத் தாங்களே பார்த்துக் கையசைத்தார்கள். அருங்காட்சியகத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற வழக்கம் அந்தக் குளிர்காலத்தில் உடைந்தது என்றே சொல்வேன். இன்றைக்கும் அந்தத் தரையில் குழந்தைகள் உருண்டு விளையாடுவதையும், பெரியவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதையும் நீங்கள் பார்க்கலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2007-இல் கொலம்பியாவின் டோரிஸ் சல்செடோ செய்தது. மண்டபத்துக்குள் அவர் எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. தரையை 167 மீட்டர் நீளத்துக்கு வெடிக்கச் செய்தார். சரிவுப் பாதையின் தொடக்கத்தில் மயிரிழையாக ஆரம்பித்த பிளவு, போகப்போக அகன்று, உள்ளே கம்பி வலை தெரியும் அளவுக்கு ஆழமாகி, மறுகோடி வரை போயிற்று. ஐரோப்பாவுக்குள் இருப்பவர்களுக்கும் வெளியிலிருந்து வருபவர்களுக்கும் இடையே உள்ள விரிசலைக் கண்முன்னே நிறுத்துவது அவர் நோக்கம். காட்சி முடிந்ததும் சிமெண்டு கொண்டு அடைத்துவிட்டார்கள். ஆனால் அடைத்த தழும்பு தரையில் இன்னும் கிடக்கிறது. பழைய தரையைவிடச் சற்று வேறு நிறத்தில், பழைய வீட்டுச் சுவரில் பூசிய ஒட்டு போல, கோணல்மாணலாக ஓடும் கோடு அது. பெரும்பாலானோர் தெரியாமலே அதன்மேல் நடந்து போகிறார்கள். நீங்கள் குனிந்து, அதன் ஒரு முனையைக் கண்டுபிடித்து, அதன் வழியே மண்டபத்தைக் கடந்து பாருங்கள். எந்தச் சீட்டும் வாங்காமல், எந்த விளக்கப் பலகையும் படிக்காமல், ஒரு நவீன கலைப்படைப்பின் மிச்சத்தைக் காலாலேயே வாசித்துவிட்டிருப்பீர்கள்.

சீனக் கலைஞர் ஐ வேவேயின் சூரியகாந்தி விதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிங்தேஜென் நகரின் பீங்கான் தொழிலாளர்கள் 1,600 பேர் கையால் செய்து வண்ணம் தீட்டிய பத்துக் கோடி விதைகளை 2010-இல் அவர் மண்டபத்தில் பரப்பினார். மக்கள் அதன்மேல் நடக்கலாம், அள்ளிப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. ஆனால் நடக்க நடக்கப் பீங்கான் தூள் கிளம்பி நுரையீரலுக்கு ஆகாது என்று தெரிந்ததால், சில நாட்களிலேயே கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். அந்தத் தடை படைப்பின் உயிரையே எடுத்துவிட்டது என்று அன்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்ட நின்று பார்க்கும்போது சாம்பல் நிற மணற்பரப்பாகத் தெரிந்த ஒன்று, கிட்ட வந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே யாரோ ஒருவர் தூரிகை வைத்த விதை என்று தெரிவதுதான் அதன் சாரம். அதற்குக் கால் தேவையில்லை.

அழைக்கப்படாமல் வந்த படைப்பும் ஒன்று உண்டு. டேட்டுக்குப் பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் அளித்துவந்த நன்கொடையை எதிர்த்த 'லிபரேட் டேட்' என்ற குழுவினர், 2012 ஜூலையில் பதினாறரை மீட்டர் நீளமுள்ள காற்றாலை இறக்கை ஒன்றைத் தோளில் சுமந்துவந்து மண்டபத்தில் கிடத்தி, இது டேட்டுக்கு எங்கள் அன்பளிப்பு என்று அறிவித்தார்கள். எண்ணெய் எரித்து மின்சாரம் செய்த கூடத்துக்குள், எண்ணெய்ப் பணத்துக்கு எதிராக, காற்றில் மின்சாரம் செய்யும் இறக்கை: கட்டடத்தின் வரலாற்றை இவ்வளவு சரியாக வாசித்த படைப்பு, முறையாக அழைக்கப்பட்டவற்றுள்கூட அதிகமில்லை. டேட் அதைத் தன் தொகுப்பில் சேர்க்க மறுத்துவிட்டது. அந்த நன்கொடை உறவு 2017-இல் முடிவுக்கு வந்தது.

நீங்கள் போகும்போது மண்டபத்தில் எது இருக்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. ஒரு படைப்பை அகற்றிவிட்டு அடுத்ததைக் கட்டும் இடைவெளியில் போனால் வெறும் கூடம்தான் இருக்கும். அதை நஷ்டமாக நினைக்காதீர்கள்; வெறுமையாக இருக்கும்போதுதான் அந்த இடத்தின் அளவு உடம்பில் ஏறும்.

பிறகு மாடிக்குப் போங்கள். முன்பு கொதிகலன்கள் இருந்த பகுதி இப்போது நட்டாலி பெல் கட்டடம் எனப்படுகிறது; அந்த வட்டாரத்து மக்களுக்காக உழைத்த ஒரு பெண்மணியின் பெயரை 2018-இல் சூட்டினார்கள். இரண்டாவது, நான்காவது தளங்களில் உள்ள நிரந்தரத் தொகுப்பு இலவசம். அங்கே தொடங்கினால் போதும். படைப்புகளைக் காலவரிசையில் அடுக்காமல், பொருள்வாரியாகக் கலந்து வைத்திருப்பது இங்கே தொடக்கம் முதலே உள்ள வழக்கம். வரலாறு தெரிந்தவர்களுக்கு அது எரிச்சலூட்டியது. தெரியாதவர்களுக்கு அது சலுகை. எந்த அறையிலிருந்து தொடங்கினாலும் முந்தைய பாடத்தைத் தவறவிட்டோம் என்ற கவலை இருக்காது. காலடியையும் கவனியுங்கள்: மெருகேற்றாத கருவாலிப் பலகைத் தரையும், அதில் ஆங்காங்கே பதித்த வார்ப்பிரும்பு வலைகளும் இது ஒரு தொழிற்கூடம் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். காற்றோட்டத்துக்கான வலைகள் அவை; அழகுக்காகப் பதித்தவை என்று எண்ணிப் படம் பிடிப்பவர்களும் உண்டு.

எல்லா அறைகளையும் பார்த்து முடிக்க முயலாதீர்கள். ஓர் அறையில் ஏதாவது ஒன்று உங்களை நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள். நிறுத்தாவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். தொகுப்பில் உள்ளவை மாறி மாறிக் காட்சிக்கு வருவதால், நான் சொல்லும் படைப்புகளில் சில நீங்கள் போகும் நாளில் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், மூன்றைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, அமெரிக்கக் கலைஞர் கார்ல் ஆண்ட்ரே வைத்த செங்கற்கள். சூளைக்குப் பயன்படும் 120 தீச்செங்கற்களை இரண்டு அடுக்காக, செவ்வகமாக, தரையில் அடுக்கியிருப்பார். சாந்து கிடையாது, வேறு எதுவும் கிடையாது. 1972-இல் டேட் இதை வாங்கியது. 1976-இல் பத்திரிகைகளுக்குத் தெரியவந்தபோது, மக்கள் பணத்தில் செங்கல் வாங்கினார்கள் என்று நாடே கொதித்தது. இது கலையா என்று நீங்களும் கேட்கலாம். அப்படிக் கேட்பது அறியாமை ஆகாது, ஐம்பது ஆண்டுகளாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதுதான். ஆனால் 42 லட்சம் செங்கற்களால் மூடிய ஒரு கட்டடத்துக்குள் நின்றுகொண்டு, இந்த 120 செங்கற்களை மட்டும் ஏன் மிதிக்காமல் சுற்றிப் போகிறோம் என்று யோசித்தால், கேள்வி கொஞ்சம் சுவாரசியமாகிவிடும்.

இரண்டாவது, மார்க் ராத்கோவின் சீக்ராம் ஓவியங்கள். நியூயார்க்கில் ஓர் ஆடம்பர உணவகத்துக்காக 1958-இல் ஒப்புக்கொண்டு, பின்பு அங்கே கொடுக்க மனமில்லாமல் பின்வாங்கிய ராத்கோ, அவற்றில் ஒன்பதை டேட்டுக்குக் கொடுத்தார். அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பிப்ரவரி 25 அன்றுதான் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கருஞ்சிவப்பும் கறுப்புமான அந்தப் பெரிய துணிகளை மங்கிய வெளிச்சத்தில்தான் தொங்கவிடுவார்கள். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. நடுவில் உள்ள இருக்கையில் அமர்ந்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருங்கள். ஒரே நிறம் என்று நினைத்தது பல நிறங்களாகப் பிரிந்து, விளிம்புகள் நகர்வது போலத் தோன்றத் தொடங்கும். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது வெறும் இருட்டறைதான்.

மூன்றாவது, பெங்களூரில் வாழும் ஷீலா கௌடாவின் 'பிஹோல்டு'. இது நமக்கு மிக அருகில் உள்ள படைப்பு. மனித முடியைத் திரித்துச் செய்த மெல்லிய கயிறு, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு முடிச்சுப் போட்டு, சுவரிலும் தரையிலும் குவிந்தும் தொங்கியும் கிடக்கும். அதன் நடுவே கார்களின் பளபளக்கும் எஃகு பம்பர்கள் அந்தக் கயிற்றிலேயே தொங்கும். வேண்டுதலுக்காகக் கோயில்களில் இறக்கும் முடி விற்பனைக்குப் போவதும், அதில் நீளம் குறைந்தது கயிறாகத் திரிக்கப்பட்டு, கண்ணேறு படாதிருக்க வண்டியின் முன்பக்கத்தில் கட்டப்படுவதும் நாம் அறிந்தவை. பக்கத்தில் நிற்கும் ஐரோப்பியர் விளக்கப் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வதை நீங்கள் பார்த்த மாத்திரத்திலேயே அறிவீர்கள். நவீன கலை நமக்குப் புரியாது என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு, அந்த அறையில் நிற்பது நல்ல மருந்து.

மண்டபத்தின் தென்புறத்தில், 2016 ஜூனில் திறந்த பத்துமாடிப் புதுக் கட்டடம் இருக்கிறது. பிளாவட்னிக் கட்டடம் என்று பெயர். அதே ஹெர்சாக் - டி மெய்ரோன்தான் இதையும் கட்டினார்கள். செங்கற்களை இடைவெளி விட்டுப் பின்னியதுபோல் அடுக்கியிருப்பதால், மாலையில் உள்வெளிச்சம் சுவரின் வழியே கசியும். வடிவம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது; பழைய கட்டடத்தின் நிதானம் அதற்கு இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதன் அடித்தளத்தைக் கட்டாயம் பாருங்கள். மின் நிலையத்துக்கான எண்ணெயைத் தேக்கிவைத்த வட்டமான பாதாளத் தொட்டிகள் அங்கே இருக்கின்றன. 2012 முதல் அவற்றை நிகழ்த்துகலைக்கும் ஒளி, ஒலிப் படைப்புகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். சாய்ந்து நிற்கும் சிமெண்டுத் தூண்களும் கறைபடிந்த சுவர்களுமாக, வெள்ளையடிக்காமல் விட்ட ஒரே பகுதி அதுதான். தொழிற்கூடம் எப்படி இருந்திருக்கும் என்பதை மேலே உள்ள எந்த அறையையும்விட அது நேர்மையாகக் காட்டுகிறது.

பத்தாவது மாடியில் நகரைச் சுற்றிப் பார்க்கும் மாடம் ஒன்றைக் கட்டினார்கள். அங்கே நின்றால் பக்கத்தில் உள்ள கண்ணாடி அடுக்ககங்களின் கூடமும் படுக்கையறையும் அப்படியே தெரிந்தன. குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்றங்களில் தோற்று, கடைசியில் 2023 பிப்ரவரி 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் வென்றார்கள். ஆகவே மாடத்தை நம்பிப் போக வேண்டாம், திறந்திருந்தால் ஏறுங்கள். அந்த அடுக்ககங்கள் அங்கே எழுந்ததற்கும் கலைக்கூடத்துக்கும் தொடர்பு உண்டு. கிடங்குகளும் எளியவர்களின் குடியிருப்புகளுமாக இருந்த பேங்க்சைடு, டேட் வந்த பிறகுதான் கோடீஸ்வரர்கள் வீடு வாங்கும் இடமாயிற்று. பழைய ஆலையைக் கலைக்கூடமாக்கினால் வட்டாரம் செழிக்கும் என்று இதைப் பார்த்து உலகமே கற்றுக்கொண்டது. கேட்ஸ்ஹெட்டில் மாவு ஆலையும் (2002), கேப்டவுனில் தானியக் களஞ்சியமும் (2017) கலைக்கூடங்களாயின. யாருக்குச் செழிப்பு என்பதை அந்தந்த வட்டாரத்தில் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நடைமுறை விவரங்கள் சில. டிசம்பர் 24 முதல் 26 வரை தவிர, எல்லா நாளும் காலை 10 மணிக்குத் திறக்கிறது; மூடும் நேரம் கிழமைக்குக் கிழமை மாறுவதால் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வார இறுதிப் பிற்பகல்களில் கூட்டம் அதிகம். வேலை நாளில் போனால் மண்டபம் உங்களுடையது. பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் நிலையத்தின் தென்கரை வாசலில் இறங்கினால் மேற்குச் சரிவுப் பாதை சில நிமிட நடைதான். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அந்தச் சரிவு சிரமம் தராது. எல்லாத் தளங்களுக்கும் மின்தூக்கி உண்டு, ஆனால் அதற்குக் காத்திருக்க வேண்டிவரும். கட்டணம் உள்ள சிறப்புக் கண்காட்சிகளுக்குச் சீட்டு வாங்குவதை முதல் வருகையில் தவிர்க்கலாம் என்பேன். அவை நன்றாகவே இருக்கும், ஆனால் பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் மண்டபத்தையும் தொட்டிகளையும் களைத்த காலோடு கடந்து வருவதில் லாபம் இல்லை. மண்டபத்துக்கு முக்கால் மணி, இரண்டாம் தளத்தில் நான்கைந்து அறைகள், பிறகு தொட்டிகள் என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் நிதானமாக முடியும். வெளியே வரும்போது ஆற்றோர வாசலைப் பயன்படுத்தி, மில்லினியம் பாலத்தின் மீது பேராலயத்தை நோக்கி நடந்து போங்கள்; அந்தப் பாலம் உண்மையில் அந்தத் திசையில் நடப்பதற்குத்தான் பொருத்தமானது.